பைபாஸ் ரோட்டு சூப்பர் மார்க்கெட்: போகலாம், படிக்கும் கண்ணாடியோடு

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. பருப்பு, அரிசி, காபித்தூள் மூன்றுக்கும் தாராளமாகப் போகலாம். எண்ணெய் வாங்கப் போனால் கண்ணாடி கட்டாயம். காய்கறிக்கு வேண்டாம். பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு போனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் எது என்று ஊகித்தால் ஊகித்துக்கொள்ளட்டும். நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி எல்லா ஊர் சூப்பர் மார்க்கெட்டுக்கும் பொருந்தும். நான் ஒரு உணவுப்பொருள் கம்பெனியில் சேல்ஸ் ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். திருமங்கலம், உசிலம்பட்டி, தேனி என்று லைன் போய், கடை கடையாக ஆர்டர் எடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ஒரு பொருள் ராக்கில் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே அது ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். வீட்டில் இதை வியாதி என்கிறார்கள்.

நுழைந்ததும் காபி அரைக்கும் மிஷின். இதை வாசலில் வைக்கச் சொன்னவர் யாரோ, தொழில் தெரிந்தவர். ரவை மட்டும் வாங்க வந்த என் மனைவி, கதவைத் தாண்டி நான்கு அடி வைப்பதற்குள் கால் கிலோ காபித்தூளுக்குச் சொல்லிவிட்டாள். வீட்டில் டப்பா பாதிக்கு மேல் இருந்தது. ஆனாலும் இந்த இடத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். கொட்டையைக் கண்ணெதிரில் போட்டு அரைக்கிறார்கள். "சிக்கரி எவ்வளவு போடட்டும் சார்?" என்று அந்தப் பையன் கேட்கிறான். பாக்கெட்டில் வருகிற காபி-சிக்கரித் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். அதாவது 49 வரை சிக்கரி போகலாம். பாக்கெட்டில் அந்தக் கணக்கை அச்சடித்தும் இருப்பார்கள், ஆனால் யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? இங்கே வாய்விட்டுக் கேட்கிறார்கள், நீங்களும் வாய்விட்டுச் சொல்கிறீர்கள். எண்பதுக்கு இருபது என்றால் எண்பதுக்கு இருபது.

அடுத்தது தள்ளுவண்டி. வாசலில் வரிசையாக நிற்பது பெரிய வண்டிகள்தான். கூடையும் உண்டு, ஆனால் பில் கவுண்டருக்குப் பின்னால் போய்க் கேட்டு வாங்க வேண்டும். இந்த வண்டியைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மன். 1937-இல். கூடை கனத்தவுடன் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்து சக்கரம் வைத்தார். ஆரம்பத்தில் யாரும் தொடவில்லையாம். சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தி, வாடிக்கையாளர் மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் சுற்றவிட்டாராம். அப்புறம்தான் மற்றவர்கள் தொட்டார்கள். ஐந்து சாமானுக்கு மேல் சீட்டில் இல்லையென்றால் கூடையைக் கேட்டு வாங்குங்கள். போதும் என்று கை சொல்லிவிடும்.

பால் எங்கே என்று கேட்காதீர்கள். கடைக் கோடியில்தான் இருக்கும், எல்லாக் கடையிலும் அப்படித்தான். தினமும் வேண்டியதைக் கடைசியில் வைத்தால்தானே நடுவில் இருப்பதையெல்லாம் நீங்கள் கடந்து போவீர்கள். பால் விஷயத்தில் நம் ஜனங்கள் முடிவெடுப்பது நிறத்தை வைத்து. பச்சை பாக்கெட், ஆரஞ்சு பாக்கெட், நீலம் என்று கேட்பார்களே தவிர கொழுப்பு எத்தனை என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஆவினில் நீலம் 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. எடுக்கும்போது பின்னால் கைவிட்டு எடுங்கள். பழைய சரக்கை முன்னால் வைத்து புதியதைப் பின்னால் அடுக்குவது எங்கள் தொழிலின் பாலபாடம். தயிருக்கும் ரொட்டிக்கும் இது இன்னும் முக்கியம்.

இப்போது ராக்குக்கு வருவோம். கண் மட்டத்தில் இருப்பது அதிகம் விற்கும், அதனால் அந்த மட்டத்துக்குப் போட்டி. பெரிய கடைகளில் அந்த இடத்துக்குக் கம்பெனிகள் பணம் கட்டும், அல்லது கடைக்காரருக்குக் கூடுதல் மார்ஜின், அதாவது லாபப் பங்கு, கொடுக்கும். வரிசை முனையில் தனியாகக் குவித்துவைத்திருப்பதும் அப்படித்தான். ஜனங்கள் அதைத் தள்ளுபடி சரக்கு என்று நினைத்து எடுக்கிறார்கள். பல சமயம் விலையில் ஒரு பைசா வித்தியாசம் இருக்காது. குவித்துவைத்ததே போதும், குறைந்த விலை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. இந்தக் கடையில் கடுகு, வெந்தயம், மிளகு எல்லாம் முழங்கால் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. குனிந்துதான் எடுக்க வேண்டும். என் வயதுக்காரர்கள் குனிவதற்குப் பதில் கண் எதிரில் இருக்கும் பெரிய கம்பெனி டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறார்கள், கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் நன்றாகவே கூடுதல் விலை. அரை மதிப்பெண் இங்கே போனது.

எண்ணெய் வரிசையில்தான் நான் நெடுநேரம் நின்றேன். கடைப் பையன் இரண்டு தடவை வந்து "என்ன சார் தேடுறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

ஒரே உயரம், ஒரே அகலத்தில் பத்துப் பதினைந்து பாக்கெட் நிற்கிறது. பார்த்தால் எல்லாம் ஒரு லிட்டர். எடுத்துப் படித்தால் ஒன்று ஒரு லிட்டர், ஒன்று 850 கிராம், ஒன்று 800, இன்னொன்று 750. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். 800 கிராம் பாக்கெட் இருபது ரூபாய் மலிவாகத் தெரிந்தால் அதில் நூற்றுப்பத்து கிராம் குறைவு என்பது நினைவில் இருக்க வேண்டும். ஏமாற்று என்று சட்டப்படி சொல்ல முடியாது, எடையை அச்சடித்துத்தானே இருக்கிறார்கள். ஆனால் நம் கை ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் இந்த அளவு என்று பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் விற்கிறார்கள்.

இதில் முன்பு இன்னொரு வேலையும் நடந்தது. லிட்டர் கணக்கைப் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் இத்தனை டிகிரி வெப்பத்தில் என்று எழுதுவார்கள். 60 டிகிரிவரை போட்டவர்கள் உண்டு. எண்ணெய் சூடானால் விரியும், எனவே அந்த லிட்டரில் எடை குறையும். வெப்ப அளவைப் போடாமல் எடையைச் சரியாகப் போடுங்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. நல்ல காரியம். பாக்கெட்டின் மேல் இப்போது கிராமுக்கு இத்தனை பைசா என்று அலகு விலையும் போடுகிறார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கும், கூடிய பாக்கெட்டில் கிலோவுக்கும் விலை இருக்கிறது. லிட்டரில் விற்பதை கிராமில் விற்பதோடு நேராக ஒப்பிடவும் முடியாது. செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டேன். அப்படிப் பார்த்ததில், அன்றைக்கு ராக்கிலேயே மலிவாக விலை போட்டிருந்த பாக்கெட், கிராம் கணக்கில் நடுவில் எங்கேயோ நின்றது.

எண்ணெயில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. நல்லெண்ணெய் பாட்டில்களுக்கு நடுவிலேயே விளக்கேற்றும் எண்ணெயையும் வைத்திருக்கிறார்கள். அதே மஞ்சள் நிறம், அதே பாட்டில், லேபிளில் குத்துவிளக்கு. சமையலுக்கு அல்ல என்று பின்பக்கத்தில் போட்டிருக்கிறது, எள் அளவு எழுத்தில். என் கண்ணெதிரில் ஒரு அம்மா, விலை பாதியாக இருக்கிறதே என்று இரண்டு பாட்டில் எடுத்து வண்டியில் போட்டார். "இது விளக்குக்குங்கம்மா" என்று சொன்னேன். "இட்லிப் பொடிக்கு ஊத்திக்கத்தான் எடுத்தேன் தம்பி" என்றார். எனக்கு அறுபத்துமூன்று வயது, தம்பி என்றதில் ஒரு சந்தோஷம், அது வேறு விஷயம்.

அடுத்த வரிசைக்குப் பெயர் ஆரோக்கிய உணவு. பச்சைப் போர்டு, மரப்பலகை மாதிரி ராக், சணல் சாக்கில் சுற்றிய தூண். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து இந்த வரிசை எல்லாக் கடையிலும் நீண்டுகொண்டே போகிறது. கேழ்வரகு பிஸ்கட், கம்பு நூடுல்ஸ், தினை குக்கீஸ். பாக்கெட்டைத் திருப்பினால் உட்பொருள் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. நான் எடுத்த கேழ்வரகு பிஸ்கட்டில் முதலில் மைதா, அப்புறம் சர்க்கரை, அப்புறம் பாமாயில், அதற்கும் பின்னால்தான் கேழ்வரகு. முன்பக்கத்தில் ஒரு பொருளைப் பெரிதாகப் போட்டு விற்றால் அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள், மற்ற வாசகத்தைப் படிக்கவே வேண்டாம். முழுக் கேழ்வரகும் கம்பும் கிலோ கணக்கில் இதே கடையில் கிடைக்கிறது. எங்கே தெரியுமா? கடுகுக்குப் பக்கத்தில், முழங்கால் மட்டத்துக்குக் கீழே.

நிறத்தைப் பார்த்து வாங்குகிற பழக்கத்துக்கு வெல்லமும் முட்டையும் நல்ல சாட்சி. என் அம்மா காலத்தில் வெல்லம் பொன்னிறமாக இருந்தால்தான் வாங்குவார்கள், கறுத்ததைத் தள்ளிவிடுவார்கள். அந்த நிறத்துக்காகவே ஆலையில் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போட்டு வெளுக்க வைத்தார்கள். இப்போது அது எல்லோருக்கும் தெரிந்துபோய், கறுத்த வெல்லம்தான் சுத்தம் என்று கூடுதல் காசு கொடுக்கிறார்கள். ராக்கில் இருந்த கறுத்த அச்சுவெல்லத்தின் விலை, பொன்னிற உருண்டையைவிட ஒன்றரை மடங்கு. முட்டையும் அப்படியே. பழுப்பு ஓடு என்றால் நாட்டுக்கோழி என்று நினைப்பு. ஓட்டின் நிறம் கோழியின் ரகத்தைப் பொறுத்தது. பண்ணையில் கூண்டில் வளர்கிற கோழியிலேயே பழுப்பு முட்டை போடும் ரகங்கள் இருக்கின்றன. அட்டைப்பெட்டியில் வைக்கோல், அதன்மேல் பழுப்பு முட்டை, பக்கத்தில் ஒரு கூரைவீட்டுப் படம். நாமக்கல்லில் நிர்ணயித்த அன்றைய விலையில் வெள்ளை முட்டை அடுத்த ராக்கிலேயே இருக்கிறது, படம் இல்லாமல்.

இந்தக் கடைக்கு மூன்றரை கொடுத்ததற்குப் பெரிய காரணம் பருப்புப் பகுதி. துவரை, பாசி, உளுந்து, கடலை எல்லாம் திறந்த தொட்டியில், மேலே மூடி, பக்கத்தில் கரண்டி. கையில் அள்ளிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், பல்லில் வைத்துக் கடித்தும் பார்க்கலாம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் மனைவி உளுந்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, வண்டிருக்கிறதா என்று விரல் விட்டுக் கிளறி, "நல்லா இருக்குங்க, ரெண்டு கிலோ போடச் சொல்லுங்க" என்றாள். விலையும் கீழமாசி வீதி மொத்தக் கடைகளைவிட ரொம்பக் கூட இல்லை. பஸ் செலவையும் அலைச்சலையும் கணக்கில் எடுத்தால் இங்கேதான் லாபம்.

அரிசியும் நன்றாக இருக்கிறது. மூட்டை 26 கிலோவாக இருக்கிறதே, முன்பு 25 தானே என்று கேட்பவர்களுக்கு: 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஒரு கிலோ கூட்டி மூட்டை கட்டினால் வரி இல்லை. அரிசி ஆலைக்காரர்கள் உடனே பையை மாற்றினார்கள். கிலோ விலையை வகுத்துப் பார்த்தால் சின்னப் பையைவிட மூட்டை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிரித்துக் காட்டுவார்களா என்று கேட்டேன், மாதிரிக்கு ஒரு தட்டில் வைத்திருக்கிறோம் என்று காட்டினார்கள். பழைய அரிசியா என்று கேட்டதற்கும் நேராகப் பதில் வந்தது.

காய்கறிப் பகுதியில் 'வெண்டைக்காயை ஒடிக்காதீர்கள்' என்று போர்டு. அப்புறம் எப்படி வாங்குவது? நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்கினால் அது நம்பிக்கையின் பேரில் வாங்குவது. மேலே வெள்ளை விளக்கு, நிமிடத்துக்கு ஒரு தடவை நீர்த்தெளிப்பு. எல்லாம் பளபளவென்று இருக்கிறது, வீட்டுக்கு வந்து துடைத்தால்தான் வயது தெரிகிறது. கறிவேப்பிலை ஒரு கொத்து பிளாஸ்டிக் பெட்டியில், பத்து ரூபாய். இதைக் கண்டதும் என் மனைவிக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கொசுறாகக் கேட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் நாங்கள். காய்க்கு உழவர் சந்தைக்குப் போங்கள். முதல் உழவர் சந்தையே நம் மதுரையில்தான், அண்ணா நகரில், 1999 நவம்பர் 14-இல் திறந்தது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் தினமும் காலையில் விலை வைத்து போர்டில் எழுதிப்போடுகிறார்கள். எட்டு மணிக்கு மேல் போனால் மிச்சம்தான் கிடைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்குள் பழைய சினிமாப் பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்டுக்கொண்டே நடந்தால் நடை தானாகக் குறைகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்து உளவியல்காரர்கள் இங்கிலாந்து சூப்பர் மார்க்கெட் ஒன்றில் ஒரு சோதனை செய்து 1997-இல் வெளியிட்டார்கள். ஒயின் ராக்கில் பிரெஞ்சு இசை போட்ட நாட்களில் பிரெஞ்சு ஒயினும், ஜெர்மன் இசை போட்ட நாட்களில் ஜெர்மன் ஒயினும் கூடுதலாக விற்றன. வாங்கியவர்களைக் கேட்டால், பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்களாம். நம் ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த மாதிரி ஆராய்ச்சி எல்லாவற்றையும் நம்பவும் வேண்டாம். பசியோடு கடைக்குப் போனால் கலோரி அதிகமான பண்டமாக வாங்குவார்கள் என்று அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2018-இல் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றுவிட்டது, மூலத் தரவு இல்லாததால் முடிவுகளைச் சரிபார்க்க முடியவில்லை என்று. ஆனால் முறுக்கும் மிக்சரும் சுடச்சுடக் கொடுக்கும் மூலையில் பகல் பன்னிரண்டு மணிக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்த பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று வீட்டில் சொல்வதை நான் மறுப்பதாக இல்லை.

அண்ணாச்சி கடையே மேல் என்று முடிப்பேன் என்று எதிர்பார்த்தால், இல்லை. அண்ணாச்சியை எனக்கு உள்ளிருந்து தெரியும். 'பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று நான் ஸ்கீம் கொடுத்தால், அடுத்த வாரம் முழுக்க என் மசாலாத்தூள்தான் "நல்லா இருக்கும் அக்கா, எடுத்துட்டுப் போங்க" என்று கைமாறும். போட்டிக் கம்பெனியின் பாக்கெட் சரம் உள்ளே போய்விடும், என் சரம் முன்னால் தொங்கும். அவர் நாக்குதான் அங்கே ராக். கடன் நோட்டு வேறு இருக்கிறது. பாக்கி வைத்திருக்கிறவர்கள் எதையும் திருப்பிக் கொடுக்கத் தயங்குவார்கள்.

ஆனால் அதே அண்ணாச்சி சில நாள், "இந்தப் பருப்பு வேணாம் அக்கா, வேகாது. நாளைக்குப் புது மூட்டை பிரிக்கிறேன், வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லுவார். நான் பக்கத்தில் ஆர்டர் புத்தகத்தோடு நிற்கும்போதே சொல்வார். என் கம்பெனி எத்தனை ஸ்கீம் கொடுத்தாலும் அந்த ஒரு பேச்சை வாங்க முடியாது. சரக்கு கெட்டுப்போனால் அந்த அக்கா நாளைக் காலை தெருவில் நின்று சத்தம் போடுவார் என்பது அவருக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பையன்களுக்கு எந்த மூட்டை எப்போது வந்தது என்பதே தெரியாது, அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எட்டுப் பத்து மணி நேரம் நிற்கவைத்து அடுக்க மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நூடுல்ஸ் ராக்கின் பக்கம் ஒரு பெண் தட்டை ஏந்திக்கொண்டு "டேஸ்ட் பண்ணிப் பாருங்க அங்கிள்" என்றது. அது கடை ஆள் இல்லை, கம்பெனி ப்ரமோட்டர். டார்கெட் இருக்கும். ஒரு வாய் சாப்பிட்டேன், வாங்கவில்லை, என்னால் முடிந்தது நன்றாக இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னது.

பில் கவுண்டர். மூன்றில் ஒன்றுதான் திறந்திருந்தது. வரிசையில் நிற்கும் இடத்தின் இருபக்கமும் சாக்லெட், என் பேத்தியின் கைக்கு எட்டும் உயரத்தில், என் உயரத்தில் ஒன்றுகூட இல்லை. பத்து ரூபாய் சாக்லெட்டுக்கு ஒரு பெரிய அழுகை, ஒரு சின்னத் தோல்வி. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளைப் பற்றி ஒரு தொழில் ரகசியம்: அந்த விலையைக் கம்பெனி லேசில் தொடாது, சில்லறையில்லாமல் போகும், குழந்தைகள் கையில் இருக்கும் காசும் அதுதான். எனவே விலைவாசி ஏறினால் உள்ளே கிராம் இறங்கும். பை கொண்டுபோகவில்லையென்றால் துணிப்பைக்குத் தனிக் காசு. பில்லில் ஒரு பொருளுக்கு ராக்கில் போட்டிருந்ததைவிட நான்கு ரூபாய் கூட இருந்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். சீட்டை வாசலைத் தாண்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வண்டி நிறுத்த பின்பக்கம் இடம் இருக்கிறது, ஞாயிறு மாலை மட்டும் கிடைக்காது. வயதானவர்கள் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. மேனேஜர் தம்பி இதைப் படிக்க நேர்ந்தால் இரண்டு வேண்டுகோள். சாக்லெட் ராக்கில் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே இரண்டு நாற்காலி போடுங்கள். விளக்கு எண்ணெயை ஊதுபத்தி, கற்பூரம் இருக்கும் வரிசைக்கு மாற்றுங்கள்; இரண்டு பையன்கள் போதும், அரை நாள் வேலை.